எல்லைக்கல்லும் எடைக்கல்லும்

வைகறை ஐந்து மணிக்கு ஒரகடம் நாற்சந்தியில் நின்று பார்த்த தோழர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வண்டலூர்ச் சாலை, வாலாஜாபாத் சாலை, சிங்கப்பெருமாள் கோயில் சாலை, ஸ்ரீபெரும்புதூர்ச் சாலை — நான்கிலும் விளக்கெரிய, வரிசை வரிசையாகத் தொழிற்சாலைப் பேருந்துகள்! உள்ளே சீருடை அணிந்த இளைஞர்கள்; கழுத்திலே அடையாள அட்டை; கண்ணிலே பாதித் தூக்கம். இரவு ஷிப்டு இறங்குகிறது, காலை ஷிப்டு ஏறுகிறது. கதிரவன் எழுவதற்கு முன்பே ஒரு நகரம் வீடு திரும்ப, இன்னொரு நகரம் வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறது.

ஏரிகளுக்குப் பேர்போன செங்கற்பட்டுச் சீமை இது. ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் பட்டினி என்றிருந்த மண். இன்றோ இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய்க் கார்கள் உருண்டோடி வருகின்றன. ஸ்ரீபெரும்புதூரிலே கண்ணாடியும் கைபேசியும். ஒரகடத்திலே காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும். பக்கத்திலே வல்லம், வடகால் என்று புதிய தொழிற்பேட்டைகள். வெளிநாட்டு விருந்தினரை அழைத்துவந்து, 'இதோ பாருங்கள், இந்தியாவின் டெட்ராய்ட்!' என்று பெருமையோடு காட்டுகிறார்கள். அந்தப் பெயரைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பிறகு தேவைப்படும்.

இத்தனை உழைப்புக்கும் உற்பத்திக்கும் உரிய மக்களுக்காக டில்லிப் பாராளுமன்றத்தில் எழுந்து பேச எத்தனை பேர்? ஒருவர்! 2024 பொதுத்தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் வாக்காளர் தொகை ஏறத்தாழ 23 லட்சத்து 82 ஆயிரம். தமிழகத்தின் 39 தொகுதிகளில் மிகப் பெரியது அது. மிகச் சிறியது நாகப்பட்டினம். அங்கே ஏறத்தாழ 13 லட்சத்து 45 ஆயிரம். நாகையில் நால்வருக்குக் கிடைக்கும் குரலை இங்கே ஏழு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதிலும் மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் என்று ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் சென்னையின் புறநகர்கள். தொழிற்பேட்டைகளைப் பெரிதும் தாங்கி நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்ச் சட்டமன்றத் தொகுதி, ஆறிலே ஒன்று. நிலத்தைக் கொடுத்த உழவனும், இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியும், புறநகர் வீட்டுக்காரரோடு வரிசையில் நின்றுதான் தம் உறுப்பினரின் கவனத்தைப் பெற வேண்டும்.

'டில்லியில் ஒரு குரல் குறைந்தால் என்ன? தொழிற்சாலைக்கு இடம் தருவதும் தண்ணீர் தருவதும் மாநில அரசுதானே?' என்று கேட்போர் உளர். அவர்கள் நோக்கியாவை மறந்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி, உலகுக்கே கைபேசி செய்து அனுப்பிய ஆலை அது. மத்திய வருமான வரித் துறையோடு மூண்ட வழக்கில் சொத்து முடங்கியது. நிறுவனத்தின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் கதவு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் வேலை இழந்தனர். அந்த வழக்கில் நியாயம் எந்தப் பக்கம் என்பது வேறு செய்தி. வரியின் கயிறு டில்லியில் இருந்தது, வயிறு இங்கே இருந்தது! சுங்க வரி டில்லியில். அயல்நாட்டு வாணிப ஒப்பந்தம் டில்லியில். வருங்கால வைப்பு நிதி டில்லியில். 2019, 2020 ஆண்டுகளில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், சங்கம் அமைப்பதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் பற்றி விதி வகுப்பவை. 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாட்கள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் நடுநாயகமான கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதே. அத்தகைய மக்களுக்குப் பாராளுமன்றத்து நாற்காலி ஓர் அலங்காரப் பொருளன்று.

நாற்காலியின் கதையை அதன் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

1952. முதற்பொதுத்தேர்தல். ஆந்திரமும் மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை ராஜ்யத்துக்கு லோக்சபையில் 75 இடங்கள். இந்த வட்டாரத்திலிருந்து டில்லி சென்றவர்களுள், செங்கற்பட்டின் உறுப்பினர் ஓ.வி. அழகேசன், காங்கிரஸ்காரர், அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தவர். காஞ்சிபுரத்தின் உறுப்பினர் டாக்டர் ஏ. கிருஷ்ணசாமி, மாணிக்கவேலு நாயக்கர் தலைமை தாங்கிய காமன்வீல் கட்சியைச் சார்ந்து வென்றவர். திருவள்ளூரோ இரட்டை உறுப்பினர் தொகுதி. பொதுவுக்கு ஒருவர், தாழ்த்தப்பட்டோருக்கு ஒருவர் என்று ஒரே எல்லைக்குள் இருவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அங்கே வென்ற இருவருள் ஒருவர் மரகதம் சந்திரசேகர். நேரு அமைச்சரவையில் சுகாதாரத் துணை அமைச்சராக இருந்தார். இரட்டை உறுப்பினர் முறை 1961இல் சட்டத்தால் ஒழிந்தது. அதே அம்மையார் 1984, 1989, 1991 தேர்தல்களில் ஸ்ரீபெரும்புதூரில் நின்று வென்றார். 1991 மே 21 அன்று அவருக்காக வாக்குக் கேட்க வந்த இடத்தில்தான் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் உலகம் அந்த ஓர் இரவைத்தான் நினைக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அத்தொகுதிக்கு ஒரு வரலாறு உண்டு.

அழகேசனைப் பற்றி இன்னும் சில சொற்கள். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்; துணை அமைச்சராக இருந்தவர் அழகேசன். எதிர்க்கட்சி மேடைகள் அவரை விடவில்லை. எதுகை மோனையோடு எழுந்த முழக்கம் ஊர்ச் சுவர்களில் எல்லாம் ஏறியது. 1957இல் செங்கற்பட்டு மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பி, சுயேச்சையாக நின்ற அதே டாக்டர் கிருஷ்ணசாமியை டில்லிக்கு அனுப்பினார்கள். 1962இல் அழகேசன் மீண்டார். 1965 பிப்ரவரியில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் பற்றி எரிந்தபோது, மத்திய அமைச்சரவையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்த இருவர் சி. சுப்பிரமணியமும் இந்தச் செங்கற்பட்டு உறுப்பினருமே. எதிர்முகாமில் இருந்தவர்தான், ஆயினும், தொகுதியின் குரல் என்பது ஒரு நாள் கட்சிக் கட்டளையையும் மீறி உறுப்பினரின் தொண்டையில் வந்து நிற்கும் என்பதற்கு அவர் சான்று. நன்று செய்தாரை நன்று செய்தார் என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை.

இதே மொழிச் சிக்கலில்தான் எண்ணிக்கையின் வலிமையும் எளிமையும் வெளிப்பட்டன. 1957இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் லோக்சபைக்குச் சென்றவர்கள் இருவரே — நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையிலிருந்து இரா. தருமலிங்கம். ஏறத்தாழ ஐந்நூறு பேர் கொண்ட மன்றத்தில் இரண்டு பேர்! இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு 1959 ஆகஸ்டில் அந்த மன்றத்தில் வாக்குறுதி அளித்தார். 1960இல் சம்பத்துக்கு எழுதிய கடிதத்திலும் அதனை உறுதிப்படுத்தினார். 'பார்த்தீர்களா, இருவர் போதுமே, எண்ணிக்கை எதற்கு?' என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. வாக்குறுதி 1963இல் சட்டமாக வந்தபோது, ஆங்கிலம் 'தொடரலாம்' என்ற மெலிந்த சொல்லோடுதான் வந்தது. 'தொடரும்' என்று உறுதி கூற மறுத்தார்கள். 1965இல் மாணவர் குருதி சிந்தி, 1967இல் 25 உறுப்பினர்கள் கழகத்தின் சார்பில் லோக்சபைக்குள் நுழைந்த பிறகே, அந்த ஆண்டின் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. வாதத்தால் வாக்குறுதி கிடைத்தது. எண்ணிக்கை சேர்ந்தபோதுதான் அது சட்டமாயிற்று.

அந்த 1967இல்தான் இன்னொரு செய்தியும் நிகழ்ந்தது. அப்போது அது மேடையில் பேசப்பட்டதைவிடக் குறைவாகவே மனத்தில் பதிந்தது. மொழிவழி மாநிலம் பிரிந்தபின் நமக்கு இருந்தவை 41 இடங்கள். 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை வைத்துத் தொகுதிகளைத் திருத்தியபோது, 41 என்பது 39 ஆகச் சுருங்கியது. ஆந்திரமும் அவ்வாறே 43லிருந்து 41க்கு இறங்கியது. அந்தத் திருத்தத்தில்தான் திருவள்ளூர்த் தொகுதி மறைந்து, ஸ்ரீபெரும்புதூர் என்ற தொகுதி, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட இடமாக, பிறந்தது. முதல் உறுப்பினர் தி.மு.க.வின் பி. சிவசங்கரன். ஆக, ஸ்ரீபெரும்புதூர் பிறந்ததே தமிழகம் இரண்டு இடங்களை இழந்த ஆண்டில்!

இங்கே ஒரு சிறு திருத்தம். 'குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனையாக 1967இல் இரண்டு இடம் போயிற்று' என்று நம் பேச்சாளர் சிலர் முழங்குகிறார்கள். அது சரியன்று. 1951க்கும் 1961க்கும் இடையில் நம் மக்கட்தொகை 12 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகவே கூடியது. நாடு முழுவதும் 21 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. ஆனால் அந்தப் பத்தாண்டில் குடும்பநலத் திட்டமே தவழும் பருவத்தில்தான் இருந்தது. தண்டனை என்ற சொல் பொருந்துவது அதற்குப் பிந்திய காலத்துக்கே. மெய்யான வாதம் கையில் இருக்கும்போது பொய்யான சான்று எதற்கு? எதிரி அதைப் பிடித்துக்கொண்டு மெய்யையும் சேர்த்து எறிந்துவிடுவான்.

மெய்யான வாதம் இது. இன்றைய எல்லைப்படி பார்த்தால், 1951இல் தமிழகத்தின் மக்கட்தொகை 3 கோடியே 1 லட்சம். பீகாரின் மக்கட்தொகை 2 கோடியே 91 லட்சம். நாம் சற்றுப் பெரியவர்கள். 1971இல் நாம் 4 கோடியே 12 லட்சம், அவர்கள் 4 கோடியே 21 லட்சம். ஏறத்தாழ இரட்டையர்! அந்தக் கணக்கின் மேல் நிற்பவைதாம் நமது 39ம் அவர்களது 40ம். 2011இல் நாம் 7 கோடியே 21 லட்சம், அவர்கள் 10 கோடியே 41 லட்சம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களின் பங்கை 1971 கணக்கிலேயே நிறுத்திவைத்தது. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாநிலம் அதனால் இடம் இழக்கக் கூடாது என்பது நோக்கம். அந்தத் திருத்தத்தில் நாம் கண்டிக்க வேண்டியவை பல. இது அவற்றுள் சேராது. 2001இல் நிறைவேறிய 84ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் குடிக்கணக்கு வரை நீட்டியது.

அந்த வேலி இல்லாமல், இன்றுள்ள 543 இடங்களையும் 2011 கணக்குப்படி பங்கிட்டுப் பாருங்கள். நாமே போட்ட கணக்கு: தமிழகம் 39லிருந்து 32க்கு இறங்கும், கேரளம் 20லிருந்து 15க்கு, பீகார் 40லிருந்து 47க்கு ஏறும், உத்தரப் பிரதேசம் 80லிருந்து 90க்கு ஏறும். ஏழு உறுப்பினர் என்பது வெறும் எண் அன்று. 1962இல் கழகம் லோக்சபைக்கு அனுப்பிய உறுப்பினர் தொகையே ஏழுதான்!

'அதெல்லாம் சரி. பீகாரிலே ஓர் உறுப்பினர் 26 லட்சம் மக்களுக்குப் பேசுகிறார். தமிழகத்திலே பதினெட்டரை லட்சம் மக்களுக்கு ஒருவர். பீகார்க்காரன் வாக்கு மட்டும் மட்டமா?' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் விடை சொல்ல வேண்டிய கேள்வி. ஏனெனில், அதே கேள்வியை ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர் நாகப்பட்டினத்தைக் காட்டி நம்மைக் கேட்கலாம். இருபத்து மூன்றரை லட்சத்துக்கு மேல் வாக்காளரை மட்டுமே வைத்துக்கொண்டு நிற்கும் ஸ்ரீபெரும்புதூர், தமிழகத்துக்குள்ளே ஒரு பீகார்! அவருக்கு 'தலைக்கணக்கு அநீதி' என்று நாம் சொல்ல முடியுமா?

முடியாது, சொல்லவும் தேவையில்லை. 'தொகுதி மறுவரையறை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு மாநிலத்துக்குள்ளே இந்தத் தொகுதி எங்கே முடிகிறது, அந்தத் தொகுதி எங்கே தொடங்குகிறது என்று எல்லைக்கல் நடுவது ஒரு வேலை. மாநிலத்துக்கு மாநிலம் எத்தனை இடம் என்று தராசிலே எடைக்கல் வைப்பது வேறு வேலை. எல்லைக்கல்லை அவ்வப்போது பிடுங்கி நட்டாக வேண்டும். ஏரி தூர்ந்து தொழிற்பேட்டை எழும். ஊர் காலியாகி நகர் பெருகும். தலைக்கணக்கே அங்கே நியாயம். 2003இன் 87ஆவது திருத்தம் இதைத்தான் அனுமதித்தது. 2001 கணக்கை வைத்து மாநிலங்களுக்குள் எல்லைகளைத் திருத்தினார்கள்; 39 என்பது 39ஆகவே நின்றது. அந்தத் திருத்தத்தில்தான், 2009 தேர்தல் முதல், ஸ்ரீபெரும்புதூர் பொதுத் தொகுதியாயிற்று. திருவள்ளூர் மீண்டும் பிறந்தது. எல்லைக்கல்லைத் தொட எடைக்கல்லைத் தொட வேண்டியதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

எடைக்கல் வேறு. மாநிலங்கள் கூடி அமைத்த ஒன்றியத்தில், ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு எடையோடு அமர்வது என்பது தலைகளை மட்டும் எண்ணி முடிக்கும் காரியம் அன்று. அரசியல் சட்டமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2011 கணக்கில் 65,000 பேரும் இல்லாத லட்சத்தீவுக்கு லோக்சபையில் ஓர் இடம் உண்டு. எவரும் அதை அநீதி என்பதில்லை, நாமும் என்னோம். சிறியவனும் சபையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சமன்பாட்டை வளைத்த நாடு, சொன்னபடி குடும்பத்தை அளவோடு அமைத்துக்கொண்டவன் குன்றிப்போகாதிருக்க வளைக்கக் கூடாதா?

இப்போது டெட்ராய்டுக்கு வருவோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது அந்தக் கார் நகரம். அந்நாட்டின் பிரதிநிதிகள் சபைக்கு 435 இடங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கெடுத்து மாநிலங்களுக்குப் பங்கிடுகிறார்கள். 1960களில் மிச்சிகனுக்கு 19 இடங்கள் இருந்தன. மக்கள் தெற்கேயும் மேற்கேயும் பெயர, படிப்படியாகத் தேய்ந்து, 2020 கணக்குக்குப்பின் அது 13. உலகுக்குக் கார் கற்றுக்கொடுத்த மாநிலத்தின் நிலை அது! ஆயினும் மிச்சிகன் குடிமுழுகிப் போகவில்லை. காரணம், அங்கே செனட் என்ற மற்றோர் அவை இருக்கிறது. பெரிய கலிபோர்னியாவுக்கும் இரண்டு, சின்னஞ்சிறு வயோமிங்குக்கும் இரண்டு, மிச்சிகனுக்கும் இரண்டு. ஒரு தட்டில் தலைகள், மறுதட்டில் மாநிலங்கள்.

நமக்கோ அந்த மறுதட்டு இல்லை. ராஜ்யசபை என்று பெயர்தான் பெரிது. அங்கும் மக்கட்தொகையே பெரிதும் அளவுகோல். உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழகத்துக்கு 18, சிக்கிமுக்கு 1. பண மசோதாவை அது 14 நாள் வைத்திருக்கலாம், அவ்வளவே. ஆகவே, 'அமெரிக்காவைப் பார், தலைக்கணக்கைப் பார்' என்போரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று: செனட்டையும் சேர்த்துத் தருவீர்களா? லோக்சபையை முழுக்கத் தலைக்கணக்கில் நிறுத்துவதாயின், ராஜ்யசபையில் மாநிலங்களுக்குச் சம இடமும், பண மசோதாவிலும் அதற்குச் சம அதிகாரமும் தர அரசியல் சட்டத்தைத் திருத்த முன்வருவீர்களா?

2025 மார்ச் 5 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 அடிப்படையை 2026 முதல் மேலும் 30 ஆண்டுகளுக்கு நீட்டவும், மொத்த இடங்களைக் கூட்டுவதாயின் தமிழகத்தின் 7.18 விழுக்காட்டுப் பங்கு குறையாதிருக்கவும் கேட்டது. சரியான கோரிக்கை. ஆனால் வேலியை நீட்டிக்கொண்டே போவது விடையை ஒத்திவைப்பதே ஆகும். பீகார்க் குடிமகனின் கேள்வி 2056லும் அங்கேயே நிற்கும். ராஜ்யசபையைச் சீர்செய்யும் கோரிக்கையை இப்போதே நம் மேடைகளில் ஏற்ற வேண்டும் என்பது நம் கருத்து.

இன்னொன்று, கசப்பாயினும் சொல்லியே ஆக வேண்டும். வடபுலத்து மாநிலங்களின் எண்ணிக்கைப் பெருக்கத்தைப் பேசும்போது சில தோழர்களின் நாக்கு, வடபுலத்துத் தொழிலாளியின் மேல் பாய்கிறது. ஒரகடத்தில் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராகத் தங்கி, ஒப்பந்தக்காரனிடம் கூலி வாங்கும் பீகார் இளைஞனும் ஒடிசா இளைஞனும் நமக்கு என்ன தீங்கு செய்தார்கள்? அவன் வாக்குச்சீட்டு ஊரிலே, வேலை இங்கே. தேர்தல் நாளில் ரயிலேற விடுப்பும் இல்லை, காசும் இல்லை. அவன் மாநிலத்துக்கு 40 கிடைத்தாலும் 47 கிடைத்தாலும் அவனுக்காக எழுந்து பேச அங்கே யாரும் இல்லை. இங்கே உள்ள உறுப்பினரோ, தமக்கு வாக்களிக்காதவனுக்காகப் பேசக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதுவதில்லை. இரண்டு தராசிலும் ஏறாத மனிதன் அவன்!

ஆனால் குடிக்கணக்கில் அவன் ஏறுவான். வாக்காளர் பட்டியல் வேறு, குடிக்கணக்கு வேறு. கணக்கெடுக்கும் நாட்களில் எவன் எங்கே தங்கியிருக்கிறானோ, அவன் அங்கே எண்ணப்படுகிறான். 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு குடிக்கணக்கு எடுக்கப்படும் என்று 2025 ஜூன் மாதத்தில் அறிவிப்பு வெளியாயிற்று. எல்லைக்கல்லோ எடைக்கல்லோ, எதை எந்த அரசு எப்போது தொட்டாலும், அந்த ஏடுகள்தாம் மேசைமேல் விரிக்கப்படும். கணக்கெடுப்போர் பகலில் வருவார்கள். ஒரகடத்து அறைகளில் பகல் ஷிப்டுக்காரன் வேலைக்குப் போயிருப்பான். இரவு ஷிப்டுக்காரன் உள்ளே தாழிட்டு உறங்கிக்கொண்டிருப்பான். கதவைத் தட்டினால் வாடகைக்காரனோ போலீசோ என்று அஞ்சித் திறக்க மாட்டான். எட்டுப் பேர் இருக்கும் அறை, 'பூட்டிய வீடு' என்று ஏட்டில் ஏறிவிடும். வல்லம், வடகால், மாத்தூர், ஒரகடம் கிளைத் தோழர்கள் இப்போதே தெருத்தெருவாகச் சென்று, எந்த அறையில் எத்தனை பேர், எந்த ஷிப்டு, யார் எப்போது இருப்பார்கள் என்று கேட்டறிய வேண்டும். இந்தி தெரிந்த தோழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். அதில் நமக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.